நெருப்புக்கு நிலை வைக்கிற பேராண்டிக்கு

கண்ணு, குன்னூர்ல பழைய பங்களா ஒண்ணை நீ வாங்கிப்போட்ட சேதி உங்கம்மா சொல்லி எனக்குத் தெரியலை. காரமடைச் சந்தையில எளநி விக்கிறவன் சொல்லித்தான் தெரிஞ்சுது. அது போகட்டும். வீடு வாங்கறவன் சின்ன அப்புச்சிகிட்டக் கேட்டுட்டுத்தான் வாங்கோணும்னு சர்க்கார் எதுவும் சட்டம் போடலை. ஆனா வாங்கி முடிச்ச பொறவு, ஊரு அடங்கற நேரத்துல வாட்சப்புல ஒரு கட்டுப் படத்தைத் தள்ளிவிட்டு, 'அப்புச்சி, இதுல எது நல்லாருக்குது?'ன்னு கேட்டிருக்கறயே, அதுக்குப் பதில் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது.

படம் முச்சூடும் பார்த்தேன். எல்லாம் ஒரே தினுசு. செவுத்துல ஒரு பொந்து, பொந்துக்குள்ள நெருப்பு, நெருப்பைச் சுத்தி மரத்துல ஜோடனை. ரெண்டு பக்கம் தூண், மேல குறுக்க ஒரு பலகை, பலகைக்குக் கீழ சிங்க மூஞ்சி, திராட்சைக் கொலை, றெக்கை மொளைச்ச கொழந்தைங்க. எதுலயும் மனுசங்க இல்லை. சோபா இருக்குது, உக்காந்த தடம் இல்லை. விறகு அடுக்கியிருக்குது, துளி சாம்பல் இல்லை. வெள்ளை வெளேர்னு கம்பளம் விரிச்சு அது மேல ஒரு நாய். அந்த ரூம்ல சௌகரியமா இருந்தது அந்த நாய் ஒண்ணுதான்.

உன்ற வீட்டு அம்மிணி வேற தனியா எழுதியிருக்குது: 'தாத்தா, எங்களுக்குப் பாரம்பரியமான ஹால் வேணும்.' எந்தப் பாரம்பரியம் தாயி? நம்ம பாரம்பரியத்துல ஆசாரத்துக்கு நடுவுல வானம் தெரியும், அடுப்பு பொடக்காளிப் பக்கம் கெடக்கும். நீங்க கேக்கறது துரைமாரு பாரம்பரியம். தப்பில்லை, குன்னூர் பங்களாவுக்கு அதுதான் ஒத்து வரும். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல மலையேறிப் பார்த்துட்டு, கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்குல பங்களா கட்டுனாரு. அப்புறம் ஊட்டியில கல் பங்களா. கீழ வெக்கை தாங்கலைன்னு மேல ஏறுன சனம், ஏறுன கையோட குளுரு தாங்கலைன்னு ரூமுக்கு ரூம் நெருப்புப் பொந்து வெச்சுக்கிச்சு. மனுசனுக்கு எதுதான் ஒத்துக்குது சொல்லு. அவங்களுக்குக் குளுந்ததால எங்களுக்குக் கஞ்சி கெடைச்சுது. அந்தப் பங்களாக்கள்ல உளி புடிச்ச கைதான் இது. அதனால நான் சொல்றதைக் கேட்டுக்கோ. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

மொதல்ல ஒரு கேள்வி, கூச்சப்படாமச் சொல்லு. அந்தப் பொந்துல நெருப்பு மூட்டப் போறயா, ஃபோட்டோ புடிக்கப் போறயா? ஃபோட்டோவுக்குன்னா நான் எதுக்கு? கோயமுத்தூர்ல ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் புண்ணியார்ச்சனைக்குப் போயிருந்தேன். செவுத்துல கண்ணாடிப் பொட்டி, பொட்டிக்குள்ள லைட்டு நெருப்பாட்டமா ஆடுது. தலைக்கு மேல ஏசி 18-ல ஓடுது. வந்த ஒறம்பரையெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. வீட்டுக்காரர் போர்வை எடுத்துக் குடுத்துட்டு, 'நெருப்புகிட்ட வந்து உக்காருங்க'ன்னாரு. நானும் போயி அந்த லைட்டுக்கு நேரா ரெண்டு கையையும் நீட்டுனேன். மருவாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல.

நெசமான நெருப்புதான் வேணும்னா, சிங்க மூஞ்சியைச் சித்த நேரம் மறந்துட்டுப் பொந்துக்குள்ள தலையை விட்டு அண்ணாந்து பாரு. பகல்ல வானம் தெரியோணும். தெரியலைன்னா எவனோ மேல தகரம் போட்டு மூடியிருக்கறான், இல்லாட்டி தேனீ பட்டா வாங்கிக் குடியிருக்குது. பழைய பங்களாவுல ரெண்டும் சகஜம். அடுத்தது கூரை மேல ஆளை ஏத்தி, பொகைக்கூண்டு எவ்வளவு ஒசரம் நிக்குதுன்னு அளக்கச் சொல்லு. கூரையைத் தொளைச்சு வர்ற எடத்துலேர்ந்து 3 அடி. சுத்திலும் 10 அடிக்குள்ள எது ஒசரமா இருந்தாலும் அதைவிட 2 அடி. இதுக்குக் கொறைஞ்சா காத்து திருப்பி அடிக்கும், பொகை ஆசாரத்துக்கு வரும், உன்ற சிங்கம் ஒரே மாசத்துல கருங்கொரங்கு ஆயிடும்.

அப்புறம் வாய்க்கும் கொழாய்க்கும் ஒரு கணக்கு இருக்குது. பொந்து வாயோட பரப்புல பத்துல ஒரு பங்காச்சும் பொகைக்கொழாய் உள்ளுக்குள்ள காலியா இருக்கோணும். 3 அடி அகலம், 2½ அடி ஒசரம்னா வாய் 1,080 சதுர அங்குலம், கொழாய் 108. உன்ற பங்களாவுல வாய் அந்த அளவுதான். எப்படித் தெரியும்னு கேக்காதே; உன்ற பங்களாப் பொந்தைத் தனியா எடுத்தனுப்பிச்ச படத்துல செங்கல்லை எண்ணுனேன். படத்துல வர்ற மாதிரி அஞ்சடி வாய் வேணும்னு கொத்தனாரைக் கூட்டியாந்து இடிச்சுப் போட்டயின்னா, பழைய கொழாய் அந்தப் பொகையைத் தாங்காது. மூணுக்கு ரெண்டரை. அதுக்கு மேல ஆசைப்படாதே.

வாய் பெருத்தா அனல் ஜாஸ்தின்னு நெனைப்பு. இங்கிலாந்துக்காரனும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனைச்சான். ஆளே உள்ள போயி நிக்கற பொந்து வெச்சு, தோப்புத் தோப்பா எரிச்சு, அனலையெல்லாம் ஆகாசத்துக்குத் தானம் பண்ணிட்டு, முன்னாடி வேகறான், முதுகுல நடுங்கறான். 1790-கள்ல கவுண்ட் ரம்ஃபோர்டுன்னு ஒருத்தர் வந்தாரு. நம்மூர்க் கவுண்டரில்ல கண்ணு, அது அவங்க பக்கத்துப் பட்டம். ஆளு பொறந்தது அமெரிக்காவுல, பேரு பெஞ்சமின் தாம்சன். பொந்தோட ஆழத்தைக் கொறைச்சாரு, பக்கச் செவுரு ரெண்டையும் முன்னால விரிச்சுச் சாய்ச்சாரு, பொகை போற கொரவளையை நெருக்குனாரு. அவ்வளவுதான் வேலை. பொகை மேல ஓடிப்போச்சு, அனல் ரூமுக்குத் திரும்புச்சு. 1796-ல அதை எழுதியும் அச்சுப் போட்டுட்டாரு. இன்னைக்கும் அந்த வாட்டத்துக்கு அவரு பேருதான். உன்ற பொந்துல பக்கச் செவுரு சாய்வா இருக்குதுன்னா, கட்டுனவன் வெவரம் தெரிஞ்சவன். 'கோணையா இருக்குதுங்க, நேராக்கிரலாம்'னு எவனாச்சும் வந்தா, டீ வாங்கிக் குடுத்துத் தாட்டி விட்ரு.

படுக்கற ரூம்லயும் ஒண்ணு வெக்கலாம்னு அம்மிணிக்கு ஆசையாமே. 1662-ல இங்கிலாந்து ராசா இந்தப் பொந்துக்கெல்லாம் வரி போட்டான். ஒரு பொந்துக்கு வருசம் 2 சில்லிங்கு. எண்றதுக்கு ஆளு வீட்டுக்குள்ளயே வந்துருவான். சனம் கரிச்சுக் கொட்டுன கொட்டுல 1689-ல எடுத்துட்டாங்க. நம்ம சர்க்கார் காதுல இது விழாம இருக்கோணும். இப்போதைக்கு ஒண்ணே போதும். அந்த ஒண்ணைத் தொடைச்சு வெக்கறதுக்கே உங்களுக்கு நேரம் பத்தாது.

இப்ப மரத்துக்கு வருவோம். மரச் சட்டம் மரச் சட்டம்னு உருகறயே, அது என்னங்கற? நம்ம வீட்டு வாசலுக்கு வெக்கற நிலைதான், நெருப்புக்கு வெச்சிருக்குது. ரெண்டு கால், மேல உத்தரம். வாசல் நிலைல மனுசன் தலை இடிக்காமப் போகோணும். இந்த நிலைல நெருப்பு மரத்தைத் தொடாம நிக்கோணும். அதுக்குத்தான் மரத்துக்கும் வாய்க்கும் நடுவுல கல்லு பதிக்கறது. அமெரிக்காக்காரன் இதை வீடு கட்டற சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கறான்: பொந்து வாயிலேர்ந்து 6 அங்குலத்துக்குள்ள மரமே வரக்கூடாது, 12 அங்குலத்துக்குள்ள வர்ற மரம், எத்தனை அங்குலம் தள்ளியிருக்குதோ அத்தனை நூல்தான் முன்னால துருத்தலாம். ஒரு அங்குலத்துக்கு ஒரு நூல். நம்ம ஆசாரிங்க கணக்கை அவனுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்னு தெரியலை. நீ நூலெல்லாம் எண்ணிட்டு உக்காராதே. மூணு பக்கமும் ஓரடி கல்லு விட்ரு, தகராறு முடிஞ்சுது.

அப்படி விட்டா நிலையோட உள் அகலம் 5 அடி, உள் ஒசரம் 3½ அடி. மறக்காமக் குறிச்சுக்கோ. தரையில முன்னால விரிக்கற கல்லும் அதே கணக்குக்கு வந்து நிக்குது பாரு: வாய் 6 சதுர அடிக்கு மேல போனா, முன்னால 20 அங்குலம், பக்கத்துக்கு 12 அங்குலம் கல்லு வேணும். மூணடி வாய்க்கு ரெண்டு பக்கமும் ஓரடி சேர்த்தா அஞ்சடி. காலுக்குக் கால் சரியா உக்காந்துரும். கருங்கல்லுப் பலகை போடு. எடை தாங்கற மாதிரி அடியில கட்டு இருக்குதான்னு பார்த்துட்டுப் போடு. பங்களாவுல பாதி எடத்துல தரை மரப்பலகைதான். பளபளன்னு வழுக்கற டைல்ஸைப் போட்டுட்டு, பொறி பறந்து வெடிச்ச பொறவு எனக்குப் படம் அனுப்பாதே.

கால் ரெண்டும் மொத்தக் கட்டையா வேணும்னு கேட்டிருக்கற. காசு இருக்கறவன் பேச்சு. நல்ல பங்களாவுல போயித் தட்டிப் பாரு, டொக்கு டொக்குன்னு கேக்கும். மூணு பலகை கூட்டுன பொட்டி அது, பின்னாடி காலி. மொத்தக் கட்டை நெருப்புப் பக்கம் காய்ஞ்சு, செவுத்துப் பக்கம் ஈரம் குடிச்சு, ஒரே வருசத்துல வாய் பொளந்து நிக்கும். செவுத்துல ரீப்பர் அடிச்சு அதுல மாட்டு. செவுத்தோட செவுரா அப்பி இறுக்கி ஆணியடிக்காதே; மலை மழைக்கு மரம் உப்பும், நெருப்புக்குச் சுருங்கும், அதுக்கு ஒரு நூலாச்சும் மூச்சு விட எடம் குடு. கால் தரையில நிக்கற எடத்துல அடிக்கட்டை தனியாப் போட்டுக்கோ. சீமாறு படற எடம், தண்ணி படற எடம். நாளைக்குக் கெட்டாலும் அதை மட்டும் மாத்திக்கலாம். மேல் பலகை தரையிலேர்ந்து 4½ அடி ஒசரம். அதுக்கு மேல தூக்குனா உங்கம்மா கைக்கு எட்டாது. எட்டாத பலகைல சேர்ற தூசிக்கும் பழி உன்ற பொண்டாட்டி மேலதான் வரும்.

சிங்க மூஞ்சி எல்லாம் கையால செதுக்குனதான்னு கேட்டயே. இங்கிலாந்துல கிரின்லிங் கிப்பன்ஸ்னு ஒரு செதுக்கற ஆளு இருந்தாரு, 1648-ல ராட்டர்டாம்ல பொறந்தவரு. லைம்ங்கற மெது மரத்துல பூவும் பறவையும் பழமும் அப்படியே செவுத்துலேர்ந்து எறங்கி வர்ற மாதிரிக் குடைஞ்சு வெச்சிருக்கறாரு. அது வேற கை. அவருக்கு நூறு வருசம் பின்னாடி வந்த ராபர்ட் ஆடம் காலத்துல பாதி ஜோடனைக்கு உளியே படலை கண்ணு. சீமைச்சுண்ணாம்பு, வச்சிரம், குங்கிலியம், ஆளிவிதை எண்ணெய் போட்டுப் பெசைஞ்ச மாவை அச்சுல அமுக்கி எடுத்து, பைன் பலகைல ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சு விட்டாங்க. லண்டன் பிரபுவே மாவுச் சிங்கத்தைத்தான் பார்த்துட்டு இருந்தான். அதனால நீ கடையில வாங்கற சிங்கமும் அச்சுச் சிங்கம்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போகாதே.

எனக்குக் கேட்டா, கொழந்தைங்களுக்கு றெக்கை வேண்டாம். ஒரு எஸ்டேட் பங்களாவுல துரைசாணி ஏதோ அவங்கூர்ப் பூவு போடுன்னு பொஸ்தகத்தைக் காட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சது தாமரை மொட்டு. ரெண்டு முனைலயும் அதையே செதுக்கி வெச்சேன். 'ஓ, துலிப்!'னு துரைசாணி கை தட்டுச்சு. ஆமாங்கன்னு சொல்லி, துலிப்புக்குத் தனியாக் கூலி வாங்குனேன். பார்க்கறவன் கண்ணுக்கு என்ன தோணுதோ அதுக்குக் காசு வாங்கறதுல பாவமில்லை.

என்ன மரம்? நீ ஈட்டிங்கற. ஈட்டி மரத்தை வெட்டறதுக்குத் தமிழ்நாட்டுல 1994-லயே தனிச் சட்டம் போட்டிருந்தாங்க. உன்ற சிங்கத்துக்காக நான் கோர்ட்டுப் படி ஏற மாட்டேன். சில்வர் ஓக்கு டீத்தோட்டத்துல நெழலுக்கு நிக்கறதோட சரி. அதுல நிலை பண்ணுனா எனக்குப் பேரு கெட்டுரும். சந்தன வேம்பு நல்ல மரம், நெறம் செவப்பா இருக்கும், உளிக்கு வெண்ணெயாட்டம் குடுக்கும், ஆனா நல்ல அகலத்துல கெடைக்கறது அபூர்வம். தேக்குதான் கடைசில. அதுலயும் பழைய தேக்கு, வைரம் பாய்ஞ்சது. ஆடற ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ஞ்ச மரம், இனிமே வளையாது. அதுக்குத்தானே எல்லாரும் காரைக்குடிக்கு ஓடறாங்க. செட்டிமாருங்க பர்மாலேர்ந்து கொண்டாந்த தேக்குத் தூணும் நிலையும் அங்க கடை கடையா நிக்குது. விலையைக் கேட்டுட்டு ஒரு ஓரமா உக்காந்து தண்ணி குடிச்சுட்டு வரலாம். பழைய மரம் வாங்கறது கவுரவக் கொறைச்சல்னு நெனைக்காதே. 1830-ல புனிதப்படுத்துனாங்களே ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சு, அதுல கெடக்கற உத்தரம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரமனையக் கழட்டிக் கொண்டாந்தது. கடவுளுக்கே பழைய மரம் போதும்னு ஆயிருச்சு.

தேக்குல பெயின்ட் அடிக்காதே. அடிச்சயின்னா அதுக்கு முந்தி என்கிட்டச் சொல்லிரு, நான் சாவறதுக்கு ஒரு காரணம் வேணும். அரக்குப் பாலிஷ் பார்க்க அழகு, ஆனா சூட்டுக்கு எளகும். வாய்க்குப் பக்கத்துல எண்ணெய் பூசி விட்டாப் போதும். உப்புத்தாள் போட்டுப் பழைய மரத்தோட மூஞ்சியைச் செரைக்கறதும் வேண்டாம். சின்னச் சின்ன வடு இருந்தாத்தான் பாரம்பரியம். அம்மிணி கேட்டது அதானே.

ரூமைப் பத்திச் சொல்லோணுமா? அதுல பெருசா ஒண்ணும் இல்லை. நெருப்பு எங்க இருக்குதோ அங்க பார்த்து உக்காரோணும், அவ்வளவுதான். ரெண்டு நீள சோபாவை நெருப்புக்கு ரெண்டு பக்கமும் எதுருக்கெதுரா, ஆறேழடி எடைவெளி விட்டுப் போடு. ரகசியம் பேசறதுக்குக் குனிய வேண்டாம், சண்டை போடறதுக்குக் கத்த வேண்டாம். மரத்துல எந்த நெறம் ஓடுதோ அதுல ஒண்ணை எடுத்துத் தெரைச்சீலைக்கு வெய்யி; ஆளுக்கொரு நெறம் வாங்கிக் கட்டுனா சந்தைத் தொணிக்கடை ஆயிடும். தலைக்கு ரெண்டு பக்கமும் காது வெச்ச நாற்காலி ஒண்ணு படத்துல பார்த்திருப்ப. அழகுக்குன்னு நெனைச்சிருப்ப. அந்தக் காது, கதவுச் சந்துல வர்ற ஊதக்காத்தை மறைக்கறதுக்கும் முன்னால இருந்து வர்ற அனலைப் புடிச்சு வெக்கறதுக்கும். நெருப்பு எரியறபோது ரூம்ல இருக்கற காத்தை இழுத்து மேல அனுப்பும். அந்த எடத்துக்குக் கதவுச் சந்து வழியாக் குளுருக் காத்து வரும். அதனாலதான் மூஞ்சி வேகும், முதுகு வெறைக்கும். அந்த நாற்காலி ஒண்ணு வாங்கிப் போடு. நான் வந்தா அதுலதான் உக்காருவேன். நான் வராதப்ப நீ உக்காந்துக்கோ.

டிவியை நெருப்புக்கு மேல மாட்டறதாப் படம் வரைஞ்சிருக்கற. கீழேர்ந்து அனல் டிவிக்கு, மேல பார்த்து பார்த்துச் சுளுக்கு உனக்கு. ரெண்டுக்கும் கோயமுத்தூர்லேர்ந்துதான் ஆளு வரோணும். நெருப்புக்கு மேல கண்ணாடி மாட்டு. அந்தக் காலத்துல பலகை மேல ஏத்தி வெச்ச மெழுகுவத்தி வெளிச்சம் ரெண்டு மடங்கா வரட்டும்னுதான் கண்ணாடி வெச்சாங்க. உன்ற காலத்துல, யாரு நைசா எந்திரிச்சுப் போறாங்கன்னு திரும்பாமயே பார்க்கலாம். பலகை நடுவுல ஒரு கடியாரம், ரெண்டு பக்கமும் சோடியா ஏதாவது. கல்யாணத்துல வந்த வெங்கலக் குத்துவெளக்கு நாலு அட்டாலில கெடக்குதே, அதுல ரெண்டை எறக்கு. பூட்டன் படத்தை அங்க மாட்டாதே; இருந்தவரைக்கும் பீடிப்பொகை, செத்த பொறவு வெறகுப்பொகையான்னு கனாவுல வந்து கேப்பாரு. பிள்ளையாரும் வேண்டாம். அவரு எடம் அவருக்கு.

வெறகு விசயத்துல மட்டும் நான் கேலி பேசலை, காது குடுத்துக் கேளு. உங்க பக்கம் கெடைக்கறது கற்பூர மரமும் சீகையும். ரெண்டும் வெள்ளைக்காரன் கொண்டாந்து நட்டதுதான், கற்பூர மரம் 1843-ல வந்துது. வெட்டுன ஈரத்தோட போட்டா சொய்ய்னு அழுதுட்டே எரியும். அந்த ஈரப்பொகைல இருக்கற பிசின் கொழாய்க்குள்ள கருப்பா ஒட்டும். ஒட்டுனது ஒருநாள் கொழாய்க்குள்ளயே பத்திக்கும். அதனால பொளந்து, மழை படாமக் காத்துப் படற மாதிரி அடுக்கி, ஒரு வருசமாச்சும் விடு. ஈரம் நூத்துக்கு 20-க்குள்ள வரோணும். மீட்டர் வாங்காதே, ரெண்டு துண்டைத் தட்டிப் பாரு, டங்குன்னா சரி, தொப்புன்னா திருப்பி அடுக்கு. முனைல வெடிப்பு விட்டிருக்கும். பொறத்தால நிக்கற மரத்தை நீயே சாய்ச்சுரலாம்னு மட்டும் நெனைக்காதே. மலைல மரம் வெட்டறதுக்கு 1955-லேர்ந்து தனிச் சட்டம் இருக்குது, உன்ற பட்டாவுல நின்னாலும் கேட்டுட்டுத்தான் வெட்டோணும்.

வருசம் ஒருக்காக் கொழாயைச் சுரண்டோணும். இங்கிலாந்துல அதுக்குச் சின்னப் பசங்களை உள்ள ஏத்தி விட்டிருக்கறாங்க. 1875-ல சின்னப் பையன் ஒருத்தன் கூண்டுக்குள்ள மாட்டிச் செத்த பொறவுதான் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கொண்டாந்த சட்டத்துல அந்தக் கொடுமை ஓஞ்சுது. உனக்குப் பிரஷ்ஷு விக்குது, வாங்கு.

படுக்கப் போறப்ப, தணல் செவந்து கெடக்குதுன்னா கொழாய்க் கதவைச் சாத்தாதே. அனல் வீணாப் போகுதேன்னு சாத்துனா விசக்காத்து ரூமுக்குத் திரும்பும். அதுக்கு வாசமும் கெடையாது, நெறமும் கெடையாது. குளுருக்குக் கரிச்சட்டியை ரூமுக்குள்ள வெச்சு ஜன்னலை அடைச்சுட்டுப் படுத்தவங்க எந்திரிக்காத சேதியெல்லாம் மலைல கேட்டிருக்கறோம். ஒரு ஜன்னல் வெரக்கடை தொறந்தே இருக்கட்டும். அந்த விசக்காத்துக்குக் கத்தற கருவி ஒண்ணு விக்குதாம். மீட்டர் வேண்டாம்னேன், அதை மட்டும் வாங்கு.

சாம்பலை முழுசா வாராதே, ஒரு அங்குலம் படுக்கையாக் கெடந்தா அடுத்த நெருப்பு நல்லாப் புடிக்கும். வார்றதை மூடி போட்ட தகர வாளில போட்டு வெளிய வெய்யி. நாலு நாள் கழிச்சும் உள்ள கங்கு உசுரோட இருக்கும். அப்புறம் ரோசாவுக்குப் போடு. டீச்செடிக்குப் போடாதே, அதுக்குப் புளிப்பு மண்ணுதான் புடிக்கும். வாசல்ல நீலமா நிக்கற ஹைட்ரேஞ்சியாவுக்குப் போட்டயின்னா பூ நெறம் மாறி ரோஸ் பக்கம் போயிரும். அம்மிணி கேக்காமப் போடாதே.

ஆக, உனக்கு வேண்டியது: பழைய தேக்கு, வைரம் பாய்ஞ்சது. உள் அகலம் 5 அடி, உள் ஒசரம் 3½. கால் எட்டெட்டு அங்குலம், பொட்டிக்கால். மேல் பலகை 4½ அடில. ரெண்டு முனைலயும் மொட்டு. புதுசாப் பண்ணோணும்னா மரம் தேடி, ஆளு தேடி, உனக்கு அடுத்த குளுருகாலம் வந்துரும்.

என்ற கட்டுத்தரைப் பக்கம் பொழுதோட வந்து பாரு. துலிப்புக்குக் கூலி வாங்குனேன்னு சொன்னேனே, அந்தப் பங்களாவை இடிக்கறபோது போயிக் கழட்டியாந்துட்டேன். செஞ்சவனுக்கு இல்லாத உரிமையா? மேல் பலகைல கோழி அடையுது, ஒரு காலுல கன்னுக்குட்டிக் கவுறு கட்டியிருக்குது. மத்தபடி ஒரு சில்லு போகலை. அளவெல்லாம் நான் மேல சொன்னதுதான், டேப்பு கொண்டாந்து சரி பார்த்துக்கோ. விலையா? ஒறம்பரைகிட்ட விலை பேசறது நல்லாருக்காது. காரைக்குடில என்ன சொல்றாங்களோ கேட்டுட்டு வா, அதுல ஒரு ஆயிரம் கொறைச்சுக் குடு. ஏத்தறதுக்கு நாலு ஆளும், கீழ விரிக்க வைக்கோலும் நீ கொண்டாந்துரோணும். கோழியை நான் எறக்கி விட்டுக்கறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துரு. திங்கக்கெழமை கோத்தகிரிலேர்ந்து வேற ஒருத்தர் அளவெடுக்க வர்றேன்னிருக்கறாரு.